பெக்கான் நானாஸ் எஞ்சினும் ஒரு முழு டேங்கும்

என் தங்கை கோகிலா போனில் அழமாட்டாள், திட்டுவாள். அதனால் அன்று அவள் அழுதபோது கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அவரு வேலையை விடப்போறாருக்கா. திங்கட்கிழமை நோட்டீஸ் குடுக்கறாராம். ஒரு எஞ்சினை நம்பி."

கோகிலா கோயமுத்தூரிலிருந்து மலேசியாவின் ஜொகூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். உலு திராமில் வீடு. அவள் கணவர் மாறன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கிறார். விடியுமுன் கம்பெனி வேனில் ஜொகூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டுவதும், மாலையில் அவர்களைக் கொண்டுவந்து இறக்குவதும் அவர் பொறுப்புதான். ஐம்பதை நெருங்கும் வயதில் இந்த வேலையை விட்டால் அங்கே இன்னொரு வேலைக்கு அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. இது அவருக்கும் தெரியும்.

ஜொகூரிலேயே பெக்கான் நானாஸ் என்ற ஊரில் சேவியர் என்றொருவர், கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், புது வகை எஞ்சின் ஒன்றைச் செய்திருக்கிறாராம். அது மூன்றில் ஒரு பங்கு பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறதாம். மாறன் அவரோடு கூட்டாளியாகச் சேரப்போகிறார்.

நான் கோவையில் ஒரு சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். இவ்வளவுதான் பெட்ரோல் குடிக்கும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லும் எஞ்சின்கள் நிஜத்தில் எவ்வளவு குடிக்கின்றன என்று அளந்து சொல்வது என் பிழைப்பு. இந்தப் பிழைப்பில் நல்ல பெயர் எடுப்பது கஷ்டம்.

"நீ வந்து பாரு. பாத்துட்டுப் பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. நீ சொன்னா அவரு கேப்பாரு" என்றாள்.

"பாக்காம எப்படிடி பொய்யின்னு சொல்றது?"

"அதான் பாத்துட்டுச் சொல்லுங்கறேன்."

வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூரில் விமானம் இறங்கிய என்னை மாறன் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். பின்னால் இருந்த ஆட்கள் ஏறியதுமே தூங்கிப்போனார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வண்டி நின்றது, பிறகு நின்றுகொண்டே இருந்தது. இடது பக்கம் மோட்டார் சைக்கிள்கள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. எங்கள் பக்கம் லாரிகளும் பேருந்துகளும் கார்களும் எஞ்சினை ஓடவிட்டபடி அசையாமல் நின்றன. அவிநாசி சாலை நெரிசலைப் பற்றி இனி ஊரில் வாய் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"ஏன் தம்பி, ஆஃப் பண்ணக் கூடாதா? சும்மா எரியுதே" என்றேன். தொழில் புத்தி.

"ஏர்கான் நின்னா இவங்க என்னை அடிச்சிருவாங்கக்கா. தினமும் இதே சூசாதான், இதே தொல்லைதான். ஒருநாளைப் போல இங்க உக்காந்து உக்காந்து பாதி வயசு போயிருச்சு."

சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எஞ்சினைப் பற்றி அவராகப் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜொகூர் பக்கம் வந்து, தூங்கினவர்களை எழுப்பி இறக்கிவிட்டு, "எண்ணெய் ஊத்திட்டுப் போயிரலாம்" என்றார். பெட்ரோலைத்தான் இங்கே எண்ணெய் என்கிறார்கள். பங்க் முழுக்க சிங்கப்பூர் எண் பலகை போட்ட கார்கள். அங்கே நான் கண்ட காட்சியை கோவையில் சொன்னால் நம்பமாட்டார்கள். நல்ல உடுப்பு உடுத்திய ஒரு சீனக் குடும்பம், அப்பாவும் அம்மாவும் வளர்ந்த மகளும், தங்கள் காரின் பின்புறத்தைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஏதோ அதட்டினார்.

"இன்னும் எறங்குது, விடாம ஆட்டுங்குறாரு" என்று மாறன் மொழிபெயர்த்தார்.

பம்ப் டக்கென்று தானாக நின்ற பிறகும் டேங்கின் மேற்புறத்தில் காற்று தங்கியிருக்குமாம். வண்டியை ஆட்டினால் அது வெளியேறி, இன்னும் கொஞ்சம் பெட்ரோல் இறங்குமாம். சிங்கப்பூரை விட இங்கே பெட்ரோல் மலிவு என்பதால் பாலம் தாண்டி வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம். மாறனும் இறங்கி, பம்ப் நின்றதும் வேனின் பின்னால் போய் இரண்டு கையையும் ஊன்றி ஆட்டினார். மறுபடி ஊற்றினார். மறுபடி ஆட்டினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

சனிக்கிழமை காலை மாறனின் சொந்தக் காரில் பெக்கான் நானாஸ் போனோம். கோகிலா வரவில்லை. வாசலில் நின்று என்னை மட்டும் பார்த்தாள். வழியில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம் பரோட்டாவின் ஒல்லியான தம்பி. பருப்புக் குழம்போடு கொடுக்கிறார்கள். மாறன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தார்.

ஊர் நெருங்க நெருங்க அன்னாசித் தோட்டங்கள். அன்னாசி தரையில் செடியில் காய்ப்பதைப் பார்க்க ஆயிரம் மைல் தாண்டி வரவேண்டியதில்லைதான். ஆனால் சாலையோரக் கடையில் அதை அரிந்து, கறுப்பு சோயாவும் மிளகாயும் ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் வாயில் கோபம் வந்தது, இரண்டாம் வாயில் இன்னொரு தட்டு கேட்டேன். கடைக்கார மலாய் அம்மா மாறனிடம் ஏதோ கேட்டார். "கோயிலுக்கு வந்திருக்காங்களான்னு கேக்குறாங்க" என்றார் மாறன். எஞ்சின் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த பழத்தை அரியத் தொடங்கினார்.

சேவியர் பட்டறை வாசலிலேயே நின்றார். நெட்டையான மனிதர். சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டிருந்தார். கடைசல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் சிலுவை.

"வாங்கம்மா. எஞ்சினுக்கெல்லாம் போலீஸ்காரி வர்றாங்கன்னு மாறன் சொன்னான். டீ குடிச்சிட்டு அரெஸ்ட் பண்ணுங்க."

சிரித்தார். டீயை நான் குடித்து முடிக்கும்முன்பே எஞ்சின் பக்கம் நடந்தார்.

அவர் செய்திருந்தது இதுதான். வழக்கமான பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஓரிடத்தில் பொறி வைக்கும், தீ அங்கிருந்து மெல்லப் பரவும். இவர் சிலிண்டருக்கு மேலே விரல் நுனி அளவில் ஒரு சின்ன அறை கடைந்து, அதற்குள் பொறி வைக்கிறார். அறையின் அடியில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாகத் தீ பல திசைகளில் பீறிடும். எல்லாம் ஒரே வீச்சில் எரிவதால் பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டலாம், அழுத்தத்தையும் ஏற்றலாம். பழைய வேன் ஒன்றில் பொருத்தி ஓட்டியும் காட்டினார். கடைசல் அவ்வளவு சுத்தம். எஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

"இது நல்ல யோசனைதாங்க. பெரிய பெரிய கம்பெனிங்களும் இதைத்தான் செஞ்சு பாக்கறாங்க. ஆனா மூணுல ஒரு பங்கு மிச்சம்னா நம்ப முடியலை" என்றேன்.

"ஏன் முடியாது? போடுற எண்ணெய்ல பெரும் பங்கு சூடாகி, புகையிலயும் ரேடியேட்டர்லயும்தானே போவுது? நான் அதைத்தான் பிடிக்கிறேன்."

"அதைப் பிடிக்கத்தான் நூறு வருஷத்துக்கு மேல எல்லாரும் பாடுபடறாங்க. கரும்பை ஒரு தடவை ஆட்டினா சாறு கொட்டும். ரெண்டாவது தடவை கொஞ்சம் வரும். மூணாவது தடவை ஆட்டினா சொட்டுதான். நாம மூணாவது தடவையில நிக்கறோம்."

"கப்பல் எஞ்சின்ல பாதிச் சூடு வேலையா மாறுது. நான் கண்ணால பார்த்தவன்மா. அதுல முடியும், இதுல முடியாதா?"

"அண்டா டீ ஆறுறதுக்கு நேரமாகும், டம்ளர் டீ உடனே ஆறிடும். சின்ன எஞ்சின்ல சூடு சுவரு வழியா ஓடிப்போகும். உங்க சின்ன அறையும் தன் பங்குக்குச் சூட்டைக் குடிக்கும்."

அவர் முகம் இறுகியது. "நீங்க புத்தகத்துல உள்ளதைச் சொல்றீங்க. நான் ரோட்ல ஓட்டிப் பார்த்ததைச் சொல்றேன்."

மாறன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை முடிவு பார்க்க வந்த பையனின் முகம் அந்த மனிதருக்கு. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டேன். ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற முறைதான். டேங்கை நிரப்பி, கோத்தா திங்கி வரை போய்த் திரும்பி வந்து, அதே பங்கில் அதே பம்பில் மறுபடி நிரப்புவது. திரும்ப நிரப்ப எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு செலவாகியிருக்கிறது. பழைய எஞ்சினோடு சேவியர் தனியாக ஒருமுறை ஓட்டினார். புது எஞ்சினைப் பொருத்திய பிறகு மாறனோடு ஒருமுறை.

"பம்ப் டக்னு நின்னதும் நிறுத்திட்டீங்களா? மேல ஒரு சொட்டு ஊத்தலையே?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா? டக்குன்னா நிறுத்திருவேன். எப்பவும்."

குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. கணக்கு சரியில்லை என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் எங்கே சரியில்லை என்று காட்ட முடியாமல் ஒரு மனிதரைப் பொய்யர் என்று எப்படிச் சொல்வது? நாளை என் கண் முன்னால் மறுபடி ஓட்டிக்காட்டுங்கள் என்றேன்.

"காலையில பூசைக்குப் போயிட்டு வந்துர்றேன். அப்புறம் ஓட்டுவோம்" என்றார். சவால் போலத்தான் சொன்னார்.

அன்று மாலை கோகிலா லக்சா செய்து வைத்திருந்தாள். ஜொகூர் லக்சா என்பது மீன் குழம்பில் ஸ்பாகெட்டி. இத்தாலிக்காரன் பார்த்தால் வழக்குப் போடுவான், ஆனால் ருசி. இரண்டு வாய்கூட முழுதாக உள்ளே போகவில்லை.

"சொல்லிட்டியா?"

"நாளைக்கு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"என்னத்தப் பாக்கறது? நாளான்னிக்குத் திங்கக்கிழமை. ஒரு வார்த்தைக்கு உனக்கு இவ்வளவு கிராக்கியா?"

மாறன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிறு. பூசை முடிந்து சேவியர் அதே இஸ்திரி சட்டையோடு வந்தார். பங்கில் பட்டறையின் பழைய வேனை நிறுத்திவிட்டு அவர் உள்ளே கவுண்டரில் முன்பணம் கட்டப் போனார். மாறன் குழாயைச் செருகினார். நான் பக்கத்தில் கை கட்டி நின்றேன். டக்கென்று நின்றது. மாறன் குழாயை அப்படியே விட்டுவிட்டு வேனின் பின்னால் போனார். இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றினார்.

வெள்ளிக்கிழமை மாலை நான் பார்த்துச் சிரித்த அதே காட்சி.

"தம்பி, கையை எடுங்க."

அவர் திரும்பினார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாத முகம்.

"அன்னைக்கும் ஆட்டினீங்களா?"

அவர் தன் கைகளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். அது அவர் நினைத்துச் செய்கிற காரியமே இல்லை. வருஷக்கணக்கில் ஒவ்வொரு மாலையும் சிங்கப்பூர் வேனுக்குச் செய்து செய்து கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். செருப்பைக் கழற்றுவது போல.

"ஆட்டினேன்" என்றார் மெதுவாக. "அங்கிள் உள்ள காசு கட்டப் போயிருந்தாரு. திரும்பி வந்தப்ப நல்ல மழை. அவருதான் எறங்கி ஊத்துனாரு. நான் காடிய விட்டு எறங்கவே இல்ல."

அவ்வளவுதான். கிளம்பும்போது ஆட்டி ஆட்டி அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறார்கள். வந்தபோது டக்கென்ற இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆட்டி இறக்கியது முழுக்க எஞ்சின் மிச்சம் பிடித்ததாகக் கணக்கில் ஏறிவிட்டது. ஓடிய தூரமும் கம்மி. லிட்டர் கணக்கில் கூடுதலாக இறங்கியது மூன்றில் ஒரு பங்காகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

சேவியர் திரும்பி வந்தார். நான் சொல்லவில்லை, மாறனே சொன்னார். சேவியர் முதலில் நம்பவில்லை. "ஆட்டுனா எவ்வளவுடா போவும்? ஒரு டம்ளரா?" என்றார். பக்கத்துப் பம்பில் ஒரு சிங்கப்பூர் காரை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் நின்று அதைப் பார்த்தோம். அந்தப் பம்பின் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"அலமாக்" என்றார் சேவியர், நம் ஊர் ஐயையோ போல. பிறகு, "ஓட்டுவோம். டக்குன்ன இடத்துலயே விடு. ஏறுங்க" என்றார்.

அப்படி ஒரு பயணத்தை நான் செய்ததில்லை. முன்னால் அவர்கள் இருவர், பின்னால் நான். வழி நெடுக எண்ணெய்ப் பனை. ரேடியோவில் யாரோ பிறந்தநாள் வாழ்த்துக்குப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். சேவியர் ஒரே வேகத்தில், வண்டி குலுங்காமல் ஓட்டினார். கோத்தா திங்கிக்கு முன்னால் ஒரு லாரியிலிருந்து பனங்குலைகள் சாலையில் சரிந்து கிடந்தன. வண்டிகள் நின்றன. சேவியர் எஞ்சினை ஓடவிட்டே உட்கார்ந்திருந்தார்.

"ஆஃப் பண்ணுங்க. இல்லைன்னா இன்னிக்குக் கணக்கு கெட்டுப்போகும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"தெரியும்மா" என்று அவரும் குரலை உயர்த்தினார். ஆனால் அணைத்தார். சன்னலைத் திறந்துவிட்டு வியர்த்தபடி, குலைகளைத் தூக்கிப்போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆற்றங்கரையில் சாப்பாட்டுக்கு நின்றோம். மீன் பொரியல் நன்றாக இருந்ததாகத்தான் ஞாபகம். எனக்குள் ஒரு வேண்டுதல் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் என்று ஒன்றுமே இருக்கக் கூடாது. ஒன்றுமில்லை என்று சொல்வது சுலபம். கோகிலா சந்தோஷப்படுவாள், மாறன் ஒரு வாரத்தில் தேறிவிடுவார். எஞ்சின் சோதனைக்கு வந்தவள் எஞ்சின் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாமா? வேண்டிக்கொண்டேன்.

மாலை அதே பங்க், அதே பம்ப். இந்த முறை நானே ஊற்றினேன். மாறன் இரண்டு கையையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு தள்ளி நின்றார். டக்கென்றது. நான் எண்ணைப் பார்த்தேன். சேவியர் என் முகத்தைப் பார்த்தார்.

"பழைய எஞ்சினைவிடக் கம்மியாத்தான் பிடிச்சிருக்கு" என்றேன். மாறனின் தலை நிமிர்ந்தது. பொய் சொல்ல நாக்கு எழவில்லை, நிறுத்தாமல் மீதியையும் சொன்னேன். "கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் நிஜமா, இல்லை காத்து, ரோடு, ஓட்டினவர் கால், இதெல்லாமான்னு தெரியணும்னா இன்னும் பல தடவை ஓட்டணும். நிஜம்னுதான் எனக்குத் தோணுது. அந்தச் சின்ன அறை வேலை செய்யுது. ஆனா இதை நம்பி ஒரு குடும்பம் உக்கார முடியாது."

சேவியர் தலையை ஆட்டினார். சட்டைக் கையால் வேனின் பானெட்டில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியைத் துடைத்தார். "கொஞ்சம் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்குங்க."

வீட்டு வாசலில் கோகிலா காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் கறுத்தது.

"கொஞ்சம் இருக்குன்னு சொன்னியா? கொஞ்சம்னு ஒண்ணு இருந்தா அவரு அதுலயே தொங்குவாரே. இதைச் சொல்லவா உன்னைக் கடல் தாண்டி வரச் சொன்னேன்?"

சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போனாள். என்ன முடிவு செய்திருக்கிறார் என்று மாறன் சொல்லவில்லை. எனக்குத் தங்கை மேல் கோபமில்லை. என் மேலும் கோபமில்லை. காலையில் மாறன் நோட்டீஸ் கொடுத்துவிடுவாரோ என்ற பயம் இருந்தது.

திங்கட்கிழமை விடியுமுன் வேனில் கிளம்பினோம். எனக்கு சிங்கப்பூரிலிருந்து விமானம். கோகிலா ஒரு பை நிறைய அன்னாசிப் பலகாரம் என் மடியில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் பை கனமாக இருந்தது. பாலத்துக்கு வந்தோம், நின்றோம். பின்னால் ஆட்கள் தூங்கினார்கள். எங்கும் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா," என்றார் மாறன். "எவ்வளவு நல்ல எஞ்சினா இருந்தாலும் இப்படி நிக்கும்போது என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது தம்பி. நிக்கிற வண்டியில எல்லா எஞ்சினும் சைபர்தான்."

அவர் சாவியைத் திருப்பி அணைத்தார். ஏர்கான் நின்றது. பின்னாலிருந்து ஒரு குரல் முனகியது. "கொஞ்சம் பொறுங்கலா, சன்னலைத் திறங்க" என்றார். புகையும் கடல் வாடையும் உள்ளே வந்தன.

"நோட்டீஸ் குடுக்கலக்கா. கோகிலாகிட்ட சாயந்தரம் நானே சொல்லிக்கிறேன்." முன்னால் நின்ற லாரியைப் பார்த்தார். "தினமும் இங்க உக்காந்து அந்த எஞ்சினைத்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இனி எதை நெனைக்கிறது?"

அன்னாசிப் பலகாரப் பையைத் திறந்து அவர் பக்கம் நீட்டினேன். அழுகை வந்தது, வெளியே பார்த்தேன்.

அவர் போன் சிணுங்கியது. சேவியரின் குரல் செய்தி. விடிகாலையில் பட்டறையிலிருந்தே பேசியிருக்கிறார், பின்னால் கடைசல் இயந்திரம் ஓடும் சத்தம். மாறன் எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"டேய், துளையைக் கொஞ்சம் மாத்திக் கடையிறேன். சனிக்கிழமை வந்துரு. காடிய நீ ஓட்டு. எண்ணெயை நான்தான் ஊத்துவேன்."

மாறன் அதை மறுபடியும் போட்டுக் கேட்டார். முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. அவர் சாவியைத் திருப்பினார்.